பால்கட்டும் நம் வெட்கமும்



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. எங்கள் நிஸ்வான் மத்ரஸாவில் ஐந்தாண்டுகள் ஓதி, மூன்றாண்டுகளுக்கு முன் ஆலிமா பட்டம் பெற்றுச் சென்ற மாணவி அழைத்திருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. ஸலாம் சொன்னதும் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

“ஆலிமா, பிள்ளைக்கு டப்பாப் பால் கொடுத்தால் குற்றமாகுமா? எனக்குப் பால் இல்லை என்கிறார்கள். பிள்ளை வாய் வைக்கிறான், உடனே விட்டுவிட்டு அழுகிறான். என் பாலில் அல்லாஹ் பரக்கத்தை எடுத்துவிட்டானா? நான் ஏதும் பாவம் செய்துவிட்டேனா?”

சட்டம் கேட்கிறாள்; சட்டத்தைச் சொன்னேன். அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம், பாலூட்டலை முழுமையாக்க விரும்பும் தாய்க்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று காலம் வகுத்துவிட்டு, பிறரைக்கொண்டு பாலூட்டச் செய்தாலும் குற்றமில்லை என்று இடமளிக்கிறது. ஆகவே தேவை ஏற்பட்டால் வேறு பால் கொடுப்பது பாவமாகாது என்றேன். அவள் அழுகை சற்றுத் தணிந்தது. பிறகு கேட்டேன்: “மகளே, உன் மார்பு எப்படி இருக்கிறது?”

மறுமுனையில் நீண்ட மௌனம். பின்பு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “கல்லாக இருக்கிறது ஆலிமா. சட்டை பட்டாலே உயிர் போகிறது. உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.”

பால் இல்லாதவளுக்கு மார்பு கல்லாகாது. அவளிடம் பால் இருந்தது. வெளிவர வழிதான் இல்லை. இதை அவளுக்குச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

2003-ஆம் ஆண்டு எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தான். இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர் எங்களுடையது. வழக்கப்படி உம்மா வீட்டில் பேறுகாலம். கணவர் சஃபரில் இருந்தார். உம்மா பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் காயமருந்துமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தார். நானோ அப்போதுதான் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றிருந்தேன். நிஃபாஸ் உதிரத்தின் உச்ச அளவு ஹனஃபீ மத்ஹபில் நாற்பது நாள், ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாள்; பால்குடி உறவு எத்தனை முறை ஊட்டினால் உண்டாகும்; எவையெல்லாம் அதனால் ஹராமாகும் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மார்பில் என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் இரவு மார்பு இரண்டும் கனத்தன. நான்காம் நாள் காலையில் இறுகி, பளபளத்து, அக்குள் வரை வலித்தன. காம்பு உள்ளடங்கித் தட்டையாகிவிட்டதால் பிள்ளையால் கவ்வ முடியவில்லை. வழுக்கி வழுக்கி அழுதான். பார்க்க வந்தவர்கள் பால் பற்றவில்லை என்று முடிவு கட்டினார்கள். அடுத்த வீட்டு மாமி ஒருவர் எங்கள் தெருவில் பல பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்தவர். என்மீது மிகுந்த பாசம் கொண்டவர். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி வந்து, ‘கட்டியை உடைத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று இரு கட்டைவிரல்களாலும் அழுத்தித் தேய்த்தார். திண்ணையில் வாப்பாவும் உறவினர்களும் இருந்தார்கள். என் குரல் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று துப்பட்டியை வாயில் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் தேய்த்த இடமெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. வலி தணியட்டும் என்று மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்யும்போது நம் பக்கத்தில் மல்லிகை கட்டுவது வழக்கம் என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரத்தில் குளிர் காய்ச்சல் கண்டது. கணவர் தொலைபேசியில் பேசியபோது காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். எங்கே நோகிறது என்று சொல்லவில்லை. மூன்றாம் வாரம் இடப்பக்கம் சீழ்க்கட்டியாகி, மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் அந்தப் பக்கம் நான் பாலூட்டவே இல்லை. என் மகன் ஒரு மார்பிலும் டப்பாப் பாலிலுமாக வளர்ந்தான்.

அந்த மாமியை நான் குறை கூறவில்லை. அல்லாஹ் அவர்களுடைய கப்ரை விசாலமாக்குவானாக. அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஓதிப் படித்த எனக்கே யாரும் கற்றுக்கொடுக்கவில்லையே.

ஐந்தாண்டுகள் கழித்து மகள் பிறந்தாள். மதுரையில் ஒரு மருத்துவமனை. மூன்றாம் நாள் மார்பு கனக்கத் தொடங்கியதுமே எனக்கு நடுக்கம் வந்துவிட்டது. இரவுப் பணியில் இருந்த செவிலியர், ஐம்பது வயதிருக்கும், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். திரையை இழுத்து மூடினார். “பயப்படாதீங்கம்மா. நான் தொடலை. நான் சொல்லச் சொல்ல நீங்களே செய்யுங்க” என்றார். பெரும் பாரம் இறங்கியது போலிருந்தது. அவர் சொல்லித் தந்ததையும், பின்னர் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் என்னால் இயன்ற அளவு இங்கே எழுதுகிறேன்.

பிரசவத்துக்குப் பின் முதலில் சுரப்பது சீம்பால். அளவில் சொற்பம், ஆனால் பச்சிளம் பிள்ளைக்கு அதுவே போதுமானது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் பெருகத் தொடங்கும். அப்போது மார்பு வீங்குவது பாலால் மட்டுமன்று. அங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது. திசுக்களுக்கிடையே நீர் கோத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளே உடைப்பதற்கு ஏதோ கட்டி இருக்கிறது என்று எண்ணி அழுத்தித் தேய்த்தால், வீங்கிய திசு நசுங்கி மேலும் வீங்கும். தாய்ப்பாலூட்டல் மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது: ஆழமாக அழுத்திப் பிடித்துவிடுதல் கூடாது, தோலை மட்டும் மெல்ல நகர்த்துவது போன்ற இலேசான நீவலே போதும்.

அந்தச் செவிலியர் முதலில் என்னைக் கை கழுவச் சொன்னார். பாலூட்டுவதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் மட்டும் மார்பின்மேல் வைக்கச் சொன்னார். நெடுநேரம் சூடு வைத்தால் சிலருக்கு வீக்கம் கூடிவிடும். பிறகு மல்லாந்து சாய்ந்துகொண்டு, விரல்களைத் தட்டையாக வைத்து, காம்பின் பக்கத்திலிருந்து அக்குளை நோக்கியும் கழுத்தெலும்பை நோக்கியும் மிக மெதுவாக நீவ வேண்டும். “தூங்குற பிள்ளை கன்னத்தைத் தடவுற மாதிரி. பிள்ளை முழிச்சிடக் கூடாது” என்றார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அளவுகோலை நான் இன்றுவரை கேட்டதில்லை. கோத்திருக்கும் நீர் வடிந்து செல்லும் திசை அதுதான்.

அடுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை இளகச் செய்வது. இரு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, நெஞ்செலும்பை நோக்கி உள்ளே மெல்ல அழுத்தி, ஏறத்தாழ ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். விரலை எடுக்கும்போது அந்த இடம் குழைந்திருக்கும். காம்பு வெளியே வரும். உடனே பிள்ளையை மார்பில் விட்டால், காம்பை மட்டுமல்லாமல் கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வும். என் மகள் அன்றிரவு அப்படித்தான் கவ்வினாள். அவள் விழுங்கும் ஓசை கேட்டபோது, ஐந்தாண்டுகளுக்கு முன் வழுக்கி வழுக்கி அழுத என் மகனை நினைத்து நான் அழுதேன்.

பிள்ளை அப்போதும் கவ்வாவிட்டால் சிறிது பாலைக் கையால் எடுக்கலாம். கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாக, காம்பின் அடியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னே அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றுசேர்த்து, தளர்த்த வேண்டும். தோலின்மேல் விரல் வழுக்கக் கூடாது. காம்பைக் கிள்ளி இழுக்கக் கூடாது. விரல்களை இடம் மாற்றி மாற்றிச் செய்தால் எல்லாப் பக்கமும் இளகும். மார்பு தளரும் வரை எடுத்தால் போதும். முழுவதும் பீய்ச்சித் தீர்த்துவிட நினைத்தால், எடுக்க எடுக்கச் சுரப்பும் கூடிக் கட்டும் கூடும். எடுத்த பாலைச் சிறு கிண்ணத்திலோ பாலாடையிலோ பிள்ளைக்குப் புகட்டலாம். ஊட்டி முடித்தபின் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் வீக்கமும் வலியும் தணியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து பிள்ளையே. இரவும் பகலுமாக 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை, கேட்கும்போதெல்லாம் ஊட்ட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் ஆறு முறையேனும் பிள்ளை நன்றாகச் சிறுநீர் கழித்தால், பால் கிடைக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். குறைந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாயின் மார்பில் ஓர் இடம் சிவந்து சூடாகி, குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வந்தாலும், ஒரு நாளுக்குள் குறையாவிட்டாலும் கைவைத்தியம் போதாது. மருத்துவரிடம் செல்லத்தான் வேண்டும். அப்போதும் அந்தப் பால் கெட்டுப்போனதன்று. மருத்துவர் தடுத்தாலொழியப் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் அந்தச் செவிலியர் சொன்னார். பாலை உண்டாக்குவது ஒரு சுரப்பு. அதைக் காம்புவரை தள்ளிக் கொண்டுவருவது மற்றொரு சுரப்பு. வலியும் அச்சமும் கவலையும் இரண்டாவதைத் தடுத்துவிடும். “உனக்குப் பால் இல்லை” என்று ஒரு தாயிடம் நாம் சொல்லும் சொல்லே, இருக்கும் பாலையும் இறங்கவிடாமல் செய்துவிடும். பேறுகால வீட்டுக்குப் போகும் நாம் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்போம்!

இனி, மார்க்கம் கற்பிப்பவள் என்ற முறையில் சில சொற்கள்.

ஹயா எனும் நாணம் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அதை நாம் காக்கிறோம், காக்க வேண்டும். ஆனால், நோயைச் சொல்லத் தடுக்கும் கூச்சத்துக்கு ஹயா என்று பெயரிட்டது நாம்தான். அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதே, மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு அவர்களுடைய வெட்கம் தடையாக நிற்கவில்லை என்பதற்காகத்தான். குளிப்பைப் பற்றியும் மாதவிடாயைப் பற்றியும் அவர்கள் வந்து கேட்டதால்தான் அந்தச் சட்டங்கள் நம்மை வந்தடைந்தன. ஒரு முஸ்லிம் பெண் மற்றொரு முஸ்லிம் பெண்ணின் முன் மறைக்க வேண்டிய பகுதி தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் நாம் ஓதுவது. சிகிச்சைக்காகத் தேவையான அளவு காட்டுவதற்கும் ஃபிக்ஹு நூல்கள் இடமளிக்கின்றன. அப்படியிருக்க, பெற்ற உம்மாவிடம் கல்லான மார்பைக் காட்டக்கூடாது என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை.

அதே 233-ஆம் வசனத்தில், பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்ற கருத்தும் வருகிறது. தந்தையின்மீது உணவும் உடையும் கடமையாக்கப்படுகின்றன. பால் மறக்கச் செய்வதுகூட இருவரும் கலந்து பேசி மனம் ஒப்பிச் செய்ய வேண்டிய காரியமாக ஆக்கப்படுகிறது. இதை ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தினேன். கலந்து பேசுவதென்றால், மனைவிக்கு எங்கே நோகிறது என்று கணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நானே என் கணவரிடம் சொல்லவில்லையே!

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலச் செய்தி ஒன்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மதீனாவின் ஓரத்தில் தங்கிய வணிகக் கூட்டத்தில் ஒரு குழந்தை இரவெல்லாம் அழுதது. தாயிடம் திரும்பத் திரும்பச் சென்று பிள்ளையைக் கவனிக்கச் சொன்னவர்கள், இறுதியில் அவளைக் கடிந்தும் கொண்டார்கள். பின்னர்தான் காரணம் தெரிந்தது: பால்குடி மறந்த பிள்ளைக்கே அரசின் உதவித்தொகை என்பதால், அவள் முன்கூட்டியே பால் மறக்கச் செய்துகொண்டிருந்தாள். உமர் (ரலி) அழுதார்கள்; பிறந்த நாளிலிருந்தே உதவித்தொகை என்று சட்டத்தை மாற்றினார்கள். பிள்ளை அழுவதைக் கேட்டதும் தாயைக் கடிந்துகொள்வது எளிது. ஏன் அழுகிறது என்று கேட்பதற்குத்தான் நமக்குப் பொறுமை வேண்டும்.

மாணவியின் கதையை முடிக்கிறேன். அன்று காலை தொலைபேசியிலேயே அவளுடைய உம்மாவையும் அழைத்துப் பேசினேன். முற்பகலில் பேருந்து ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். அவள் கட்டிலருகே அமர்ந்து, அந்தச் செவிலியர் எனக்குச் சொன்னதுபோலவே, “நான் தொடவில்லை மகளே, நீயே செய்” என்றேன். லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் கருவட்டம் இளகியது. பிள்ளை கவ்வினான். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஒரு வாரம் வரை இரவில் சிறிது டப்பாப் பாலும் கொடுத்தாள். அதில் குற்றம் ஏதுமில்லை. பிறகு அது தேவைப்படவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் என் நெஞ்சு என்னையே கேட்டது. ஐந்தாண்டுகள் என்னிடம் ஓதியவள் அவள். நிஃபாஸின் பாடத்தை அவளுக்கு நடத்தியவள் நான். எனக்குத் தெரிந்திருந்ததை அவளுக்கு ஏன் சொல்லாமல் விட்டேன்? வெட்கம் அவளுக்கு மட்டும் இருந்ததா?

நோன்பு மாதம் முடிந்ததும் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டேன். இறுதியாண்டு மாணவியருக்கும் ஊரிலுள்ள இளம் தாய்மாருக்கும் ஒரு நாள் வகுப்பு; அனுபவமுள்ள பெண் செவிலியர் ஒருவர் வந்து, துணியால் தைத்த மாதிரியை வைத்துக் கற்பிப்பார் என்றேன். ‘மத்ரஸாவில் சொல்லித்தர வேண்டிய விஷயமா இது?’ என்று சில பெற்றோர் கேட்டார்கள். பாலூட்டலுக்கென்றே தனிப் பாடம் நம் ஃபிக்ஹு கிதாபுகளில் இருக்கிறதே என்றேன். இருவர் தங்கள் பெண்களை அன்று அனுப்பவில்லை. அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் வாய் திறக்காதிருந்தவள்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது, அவர்களுள் ஒரு மாணவியின் உம்மா மட்டும் வாசற்படியில் நின்றிருந்தார். தம் மருமகளுக்கு அடுத்த மாதம் பேறுகாலம் என்றும், அந்தச் செவிலியரிடம் ஐந்து நிமிடம் பேசலாமா என்றும் கேட்டார்.

என் மகனுக்கு இப்போது பெண் பார்க்கிறோம். அவனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டான், பிறகு கேட்டான். இன்ஷா அல்லாஹ், அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், எந்த ஊரில் பிறந்தாலும், நான்காம் நாள் காலையில் மருமகளுக்கு நான் தொலைபேசி செய்வேன். பிள்ளை எப்படி இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்வேன்.

பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாய்க்கும் அல்லாஹ் ஆஃபியத்தையும், அவர்களைச் சூழ இருப்போருக்கு நல்ல அறிவையும் மென்மையான கைகளையும் தந்தருள்வானாக. ஆமீன்.